காணிச் சட்டத்தை மட்டும் நம்பிக் கொழும்பில் தொழில் செய்ய முடியுமா?

2024 பெப்ரவரி 6 | கேள்வி

சட்டக் கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறேன். குடும்பத்தில் யாரும் சட்டத்தரணி இல்லை, அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு சின்னக் கடை. எனக்குக் காணி, உறுதி (காணிப் பத்திரம்), நொத்தாரிசு (பத்திரத்தை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) வேலையில்தான் விருப்பம். ஆனால் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பார்க்கிற சீனியர்கள் எல்லாரும் "உறுதி எழுதுவது கிளார்க் வேலை, வங்கிக்காரர் தங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள், நீ வழக்குப் பக்கம் வா" என்கிறார்கள். உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 6, இரவு

முடியும் தம்பி. நான் வெள்ளவத்தையில் இதைத்தான் செய்கிறேன், இதில்தான் குடும்பம் நடக்கிறது.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. காணி விற்பதோ ஈடு வைப்பதோ, எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பம் விழ வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தில் அதற்கு வலு இல்லை. அதனால் வேலைக்குப் பஞ்சம் வராது. சீனியர்கள் சொல்வதில் ஒரு பாதி சரி: உறுதியைத் தட்டச்சு செய்வது கிளார்க் வேலைதான். அதை மட்டும் செய்தால் கிளார்க்கின் வருமானம்தான் வரும். அந்த உறுதியை எழுதலாமா கூடாதா என்று சொல்வதற்குத்தான் ஆட்கள் சட்டத்தரணியைத் தேடி வருகிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் காணிப் பதிவகத்தில் போய் உட்கார வேண்டும். உன்னோடு படிக்கிறவர்களில் எத்தனை பேர் அங்கே போய் ஒரு போலியோவைத் தாங்களே வாசித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்.

2024 பெப்ரவரி 9

போலியோ என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், தொழிலே இதற்குள்தான் இருக்கிறது.

ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு, அதுதான் போலியோ (folio). மேலே காணியின் பெயர், எல்லைகள், பரப்பு. கீழே நிரல்கள்: பதிந்த தேதி, கொடுத்தவர், பெற்றவர், என்ன விதமான உரிமை மாற்றம், உறுதி இலக்கமும் தேதியும், நொத்தாரிசின் பெயர், கடைசியில் குறிப்புகள். பக்கம் நிரம்பினால் வேறு பக்கத்துக்குக் கொண்டு போவார்கள், எங்கே போனது என்று ஓரத்தில் எழுதியிருக்கும். சில பக்கங்கள் தூளாகிவிடும் போல இருக்கும். பழைய பதிவாளர்களின் கையெழுத்தோ எறும்பு ஊர்ந்த மாதிரி. அதையும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

தெகிவளையில் ஒரு வீடு. வாங்குபவர்கள் இளம் தம்பதி, முற்பணம் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். விற்பவருக்குத் தாயார் நன்கொடை உறுதியில் கொடுத்த வீடு அது. தரகர் தந்த போட்டோப் பிரதியில் எல்லாம் சுத்தமாக இருந்தது. பதிவகத்தில் பார்த்தால், நன்கொடை பதிந்த அந்த ஒரு வரியின் நடுவில், பெயருக்கும் உறுதி இலக்கத்துக்கும் இடையில், தாயாரின் சீவிய உரித்துக்கு உட்பட்டது என்று நாலைந்து சொற்கள். பிரதியில் அந்தப் பக்கமே இல்லை. தாயார் எங்கே என்று கேட்டேன். அதே வீட்டுப் பின்னறையில் இருக்கிறார், எங்களுக்குத் தேநீர் போட்டுத் தந்தவரே அவர்தான்! விற்பனையைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

நான் உறுதியை நிறுத்தினேன். தரகருக்குக் கோபம், மகனுக்கு அதைவிடக் கோபம். அந்த அம்மாவைத் தனியே உட்கார வைத்து, நீங்கள் கையொப்பமிட்டால் இந்த வீட்டில் சாகும்வரை இருக்கும் உரிமை போய்விடும் என்று பச்சையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, விலையில் ஒரு பங்கு தன் சொந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்றார். வந்த பிறகே அவரும் சேர்ந்து கையொப்பமிட்டார். அந்தத் தம்பதி வழியாக எனக்கு எத்தனையோ வேலை வந்திருக்கிறது. அந்த மகனும் பிறகு தன் மனைவியின் காணியை என்னிடமே கொண்டுவந்தார்.

2024 பெப்ரவரி 10

ஒருவர் எழுதியிருக்கிறார்: "தேடலுக்கு ஒரு பையனை அனுப்பினால் போதுமே, நேரம் மிச்சம்." அனுப்பலாம், அவர்களில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் சில வருடங்கள் நீயே போ. நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம், 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கம், உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடிப் பார்க்கும் கடமையை நொத்தாரிசின் தலையில்தான் வைக்கிறது. தேட வேண்டாம் என்று கட்சிக்காரர் எழுதித் தந்தால் மட்டும் விலக்கு. அப்படி எழுதித் தர அவசரப்படுகிற கட்சிக்காரரை நான் எடுப்பதில்லை.

2024 பெப்ரவரி 17

விளம்பரம் பற்றி. முகநூலில் "குறைந்த கட்டணத்தில் உறுதி" என்று படம் போடலாமா என்று கேட்டால், கூடாது. 1988 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகள் சட்டத்தரணி தன்னை விளம்பரப்படுத்துவதை அனுமதிப்பதில்லை. தரகருக்குக் கொமிஷன் கொடுத்து ஆள் பிடிப்பதும் அதே குற்றம்தான். அதனால் கட்சிக்காரர் வாய்வழியாகத்தான் வர முடியும். மெதுவாகத்தான் வரும். முதல் வருடங்களில் வாடகைக்கே திண்டாட்டம் இருக்கும், அதை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்தக் காலத்தில் ஒரு சீனியரின் அறையில் மேசை போட்டுக்கொள், சத்தியக் கடதாசி, வாடகை ஒப்பந்தம், மரண சாசனம் எதையும் சின்ன வேலை என்று தள்ளாதே. இன்று வாடகை ஒப்பந்தத்துக்கு வருகிறவர் நாளைக்கு வீடு வாங்குவார், அவர் பிள்ளையும் வாங்கும்.

2024 மார்ச் 3

வங்கிப் பட்டியல் விஷயத்தில் கொஞ்சம் விரிவாக. வங்கிகள் கடன் கொடுக்குமுன் தங்கள் பட்டியல் சட்டத்தரணியிடம் காணி யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் உரித்து அறிக்கை வாங்கும், வழக்கமாக 30 ஆண்டுத் தேடல். சீரான வருமானம், உண்மை. இளம் ஆட்கள் அதில் சேரத் துடிப்பதும் நியாயம், சேர முடிந்தால் சேர். ஒன்றை மட்டும் மனதில் வை: அங்கே உன் கட்சிக்காரர் வங்கி, வீடு வாங்குபவர் இல்லை. வங்கிக்குத் தன் கடன் திரும்பி வந்தால் போதும். வீட்டில் குடியிருக்கப் போகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் மதில் எட்டு அங்குலம் உள்ளே வந்திருப்பது, மழைநீர் போக வழியில்லாதது, பின் காணிக்குப் பாதை விட வேண்டியிருப்பது எல்லாம் வாழ்க்கைப் பிரச்சினை. எங்கள் ஆட்கள் "வங்கி லோயர் பார்த்துவிட்டார்தானே" என்று தனியாக ஒருவரை வைப்பதில்லை. இதனால் எத்தனை பேர் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள்.

2024 மார்ச் 4

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். 30 ஆண்டு என்று எழுதியதும் ஒரு அண்ணன் வந்து "அதற்கு முன்னால் போகவே தேவையில்லையா" என்று கேட்டது சரியான கேள்வி. 30 என்பது வங்கியின் கணக்கு. நான் உறுதிகளின் சங்கிலியில் ஒரு நல்ல மூல உறுதி, அல்லது கூட்டுச் சொந்தக்காரர்களுக்குள் காணியைப் பிரிக்கும் பிரிவினை வழக்கின் இறுதித் தீர்ப்பு கிடைக்கும் வரை பின்னால் போவேன். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வந்த இறுதித் தீர்ப்பு என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். பழைய உறுதிகளில் பேரப்பிள்ளைகள் வரை காணியைக் கட்டிப்போட்ட நிபந்தனைகள் இருக்கும். 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அந்த முறையையே ஒழித்துவிட்டது, ஆனால் அதற்கு முன் காணி யார் கைக்குப் போனது என்று பார்க்காமல் இன்றைய பங்கைச் சொல்ல முடியாது.

அப்புறம் 10 ஆண்டு ஆட்சி. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி, மற்றவர் உரிமைக்கு எதிராகத் தொடர்ந்து 10 ஆண்டு காணியை ஆண்டவருக்கு உரித்து கிடைக்கலாம். பதிவேட்டில் அது தெரியாது. காணிக்கு நேரில் போனால்தான் தெரியும். போ. செருப்பில் சேறு படட்டும். பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடி, கேட்காமலே கதை வரும்.

2024 ஏப்ரல் 21

கனடாவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார், தன் பெயரில் கொழும்பில் காணி வாங்கலாமா என்று. இது எங்கள் தமிழ் கட்சிக்காரர்களில் பாதிப் பேரின் கேள்வி, அதனால் தம்பிக்கும் தேவை.

2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி மாற்ற முடியாது. மீறி எழுதிய உறுதி செல்லாது. இலங்கையில் பிறந்திருந்தாலும், வேறு குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் இந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்குத் தடை இல்லை. பெற்றோர் இறந்து வாரிசாக வருவதும், நெருங்கிய உறவினர் மரண சாசனத்தாலோ நன்கொடையாலோ கொடுப்பதும் விதிவிலக்கு. மாடி வீடுகளுக்குத் தனி விதிவிலக்கு உண்டு, பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வர வேண்டும், 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆகவே பழைய பிரதியை வைத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாதே. 99 வருடக் குத்தகையும் ஒரு வழி.

நான் பார்க்கிற கவலையான வழி வேறு. தங்கள் காசில் வாங்கித் தம்பி பெயரிலோ மச்சான் பெயரிலோ உறுதி எழுதச் சொல்வார்கள். "எங்களுக்குள் நம்பிக்கை" என்பார்கள். அந்த நம்பிக்கை மச்சானின் பிள்ளைகளுக்கும் இருக்குமா என்று அவர்கள் முன்னாலேயே கேட்பேன். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போகட்டும்.

2024 ஏப்ரல் 23

அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், பற்றி மேலே விட்டுவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவருக்காக இங்கே ஒருவர் விற்கிறார் என்றால் முதல் கேள்வி, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த கணமே அந்தத் தத்துவம் முடிந்துவிடும். நான் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசாமல் உறுதி எழுதுவதில்லை. கொழும்பில் ஆள் மாறாட்ட விற்பனையில் குறி வைக்கப்படுவது பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் வெளிநாட்டில் இருக்கும் வயதான உரிமையாளர்களும்தான்.

2024 ஏப்ரல் 23, பின்னேரம்

இன்னொன்று. கையொப்பம் வாங்கும் நாள் காலையில் திரும்ப ஒரு முறை பதிவேட்டைப் பார். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தில், பதியாத உன் உறுதி, பிறகு விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரின் உறுதிக்கு முன் நிற்காது. அவர் பக்கம் மோசடியோ கூட்டுச் சதியோ இருந்ததென்று நிரூபித்தால் மட்டும் வேறு கதை. மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் பட்டியலோடு பதிவாளருக்குக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு பதிவைத் தள்ளிப்போடாதே. நான் கையொப்பத்தின் மறுநாளே பதிவுக்குக் கொடுக்கப் பார்ப்பேன்.

2024 ஜூன் 8

வெள்ளவத்தை மாடி வீடுகள். எங்கள் சனம் ஊர்க் காணியை விற்று, நகையை வைத்து, பிள்ளைகள் அனுப்பிய காசைச் சேர்த்து வாங்குவது இதைத்தான். அதனால் எனக்கு இதில் பொறுமை குறைவு, மன்னிக்கவும்.

கட்டுபவர் கொடுப்பது முதலில் ஒரு விற்பனை உடன்படிக்கை மட்டுமே, உரித்து இல்லை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டோமினியம் வரைபடம் (ஒவ்வொரு வீட்டையும் தனியாகக் காட்டும் வரைபடம்) பதிவானால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத முடியும். ஒரு கட்டடத்தில் (பெயர் வேண்டாம்) ஆட்கள் குடியேறிப் பல வருடம் ஆகியும் வரைபடம் பதிவாகவில்லை, காணி முழுவதும் வங்கியில் ஈட்டில் கிடந்தது. சாவி கையில் இருக்கிறது, உறுதி இல்லை. என்னிடம் வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், முழுப் பணமும் கட்டி முடித்த பிறகு வந்திருந்தார். அவரால் அந்த வீட்டை விற்கவும் முடியவில்லை, மகளுக்கு எழுதவும் முடியவில்லை. அந்த ரசீதுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்த இருப்பு எனக்கு மறக்காது.

கேட்க வேண்டியவை: காணியின் உரித்து யாரிடம், அதன் மேல் ஈடு இருக்கிறதா, இருந்தால் இந்த வீட்டுக்கு விடுவிப்பு எப்போது, மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் வந்ததா. வாகனத் தரிப்பிடத்தை வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல். உன் வீட்டோடு சேர்ந்த துணைப் பகுதியா, எல்லாருக்கும் பொதுவான இடமா என்று அதில் இருக்கும். விற்பனைக்காரர் வாயால் சொன்னது அதில் இருக்காது.

2024 ஜூன் 9

பழைய கொட்டாஞ்சேனை வீடுகளைக் கேட்டவருக்கு: உள்ளே பழைய வாடகைக்காரர் இருந்தால், 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை வாசிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அவரை வீட்டை விட்டு எழுப்புவது நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

2024 செப்டெம்பர் 14

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். ஒரு சிங்கள நண்பி, நல்ல நொத்தாரிசு, யாழ்ப்பாணக் காணி வந்தால் என்னிடம் அனுப்பிவிடுவார். தமிழ் தெரிந்த காணிச் சட்டத்தரணிக்குக் கொழும்பில் இதுவே ஒரு தனித் துறை, தம்பி, உன் சீனியர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். முதுசொம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (திருமணத்துக்குப் பின் தேடியது) என்று சொத்து எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியை விற்கும்போது கூட்டு உரிமையாளருக்கும் வாரிசாகக் கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு, முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதிக்குப் பின்னால் ஒரு பெரியப்பா மகன் கட்டாயம் வருவார்.

1911 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்த அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கிறது. தன் உழைப்பில் வாங்கிய மருத்துவர் ஒருவர், பிரிந்து வாழ்கிற கணவனிடம் போய் நிற்க வேண்டி வந்தது. அவன் காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், கேட்டோம். ஆனாலும் கேட்க வைத்ததே அநியாயம். இது மாற வேண்டும் என்று நான் எங்கே பேசக் கிடைத்தாலும் பேசுகிறேன். மாறும்வரை அந்தச் சம்மதம் இல்லாமல் உறுதி எழுதவும் மாட்டேன்.

2024 செப்டெம்பர் 15

காசு பற்றி எழுதவில்லை என்று குறை. சரி.

கட்டணம் விலையின் 1 வீதத்தை ஒட்டிப் பேசுவது வழக்கம், பேரம் உண்டு. முத்திரை வரி வேறு: விற்பனைக்கு முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். இரண்டரைக் கோடி வீட்டுக்கு 9,99,000 ரூபாய். அதைக் கேட்டதும் "உறுதியில் ஒரு கோடி போடுங்கோ" என்பார்கள். போட மாட்டேன். நாளைக்குத் திணைக்களம் மதிப்பீடு செய்து மிச்சத்தைக் கேட்டால் சங்கடம் எல்லாருக்கும். விற்பனை ஏதாவது காரணத்தால் உடைந்தால் வாங்கியவர் உறுதியில் உள்ள தொகையைத்தான் நீதிமன்றத்தில் காட்டலாம். இதை அமைதியாக விளங்கப்படுத்தினால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவர் வேறு ஆளிடம் போவார். அந்த நட்டம் தாங்கக்கூடியது.

2025 ஜனவரி 18

தம்பி பரீட்சை முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார், வாழ்த்துகள்! ஆறு மாதப் பயிற்சிக்கு இரண்டு சீனியர்களில் யாரிடம் போவது என்று கேட்கிறார்: ஒருவர் பெரிய வழக்கறிஞர், பெயர் பத்திரிகையில் வரும். மற்றவர் புறக்கோட்டையில் பழைய நொத்தாரிசு, அலுமாரி நிறைய மூலப் பிரதிகள்.

இரண்டாமவர். யோசிக்கவே வேண்டாம். அந்த அலுமாரியில் ஒவ்வொரு மூலப் பிரதியையும் எடுத்து வாசிக்கக் கேள், எல்லைகளை எப்படி எழுதினார், உறுதியின் முடிவில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சிக் கூற்றில் அழித்துத் திருத்திய எழுத்துகளை எப்படி ஒவ்வொன்றாகக் குறித்தார் என்று பார். நொத்தாரிசு விதியை மீறியதால் உறுதி செல்லாமல் போகாது என்று நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் தண்டனை நொத்தாரிசுக்கு வரும். பழைய ஆட்கள் அந்தப் பயத்தோடு எழுதுவார்கள்.

2025 ஜனவரி 19

மொழி. நொத்தாரிசாக வேலை செய்ய அனுமதி தரும் ஆணையில் எந்த மொழியில் எழுதலாம் என்று குறிப்பிடுவார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் வைக்கும் ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023 இல் தோற்கடித்தபோது நான் சந்தோஷப்பட்டேன், தமிழில் படித்த பிள்ளைகளுக்குக் கதவு திறந்தே இருக்கட்டும். ஆனால் கொழும்பில் உறுதிகள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் அதிகம், பதிவகத்தில் பேச்சும் சிங்களத்தில். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் விண்ணப்பி, சிங்களத்தைப் பயிற்சிக் காலத்திலேயே வாசிக்கப் பழகி அதையும் சேர்த்துக்கொள். மூன்றிலும் உறுதி வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே அதிகம் இல்லை. பயிற்சி தொடங்கியதும் முதலில் படிக்கிற போலியோவின் இலக்கத்தை இங்கே எழுது, பெயர்களை மறைத்துவிட்டு. சேர்ந்து வாசிப்போம்.